பார்மட் போட்டுடலாமா, சார்?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு மாணவர் ஒருவர்)



நம் பாலிடெக்னிக்கின் எந்த லேபுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு சிஸ்டம் திடீரென்று நின்று, திரை நிறம் மாறி, நாலு வரி ஆங்கிலம் வந்தால், அந்த நாலு வரியைப் படிப்பவர் யாரும் இல்லை. ஒரு குரல் மட்டும் கேட்கும்: "சார், பார்மட் போட்டுடலாமா?" அப்டேட் பாதியில் நின்றாலும் அதே கேள்வி. மெதுவாக ஓடினாலும் அதே கேள்வி. பிரிண்டர் வேலை செய்யாவிட்டாலும்கூட அதே கேள்வி! தலைவலி, வயிற்றுவலி, கால் சுளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையை எடுத்து நீட்டும் டாக்டரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா?

நோய் எது, அது எதனால் வந்தது, அதைத் தணிக்கும் வழி எது என்று வரிசையாகப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் வைத்தியர்களாகப் போகிற நமக்கும் அது பொருந்தும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பார்மட் போடுவது பழுது பார்ப்பதாகாது என்பதுதான் என் கட்சி. அதை இம்மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்கிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் கேன்டீனில் என்னைப் பிடித்துச் சண்டை போடலாம். டீ செலவு என்னுடையது!

நீலத்திரை எதற்காக வருகிறது?

நீலத்திரையைக் கண்டதும் "சிஸ்டம் செத்துப் போச்சு" என்று சொல்கிறோம். உண்மை வேறு. விண்டோஸின் மையமான கெர்னலும், டிஸ்க், டிஸ்ப்ளே, நெட்வொர்க் முதலியவற்றை இயக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவையும் ஒரே மெமரிப் பகுதியில், ஒரே அதிகாரத்தோடு ஓடுகின்றன. வேர்டு, எக்ஸெல் போன்ற சாதாரண புரோகிராம் தவறு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிட்டு மேலே போகும். கெர்னல் மட்டத்தில் ஒன்று தடம் புரண்டால் அப்படிப் போக முடியாது. மெமரியில் எது சரி, எது கெட்டது என்று தெரியாத நிலையில் தொடர்ந்து ஓடினால் தப்பான டேட்டாவை டிஸ்க்கில் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே விண்டோஸ் தானே முடிவெடுத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். இது எம்.சி.பி. டிரிப் ஆவது மாதிரி. டிரிப் ஆனால் எந்த லைனில் ஷார்ட் என்று தேடுவீர்களா, வீட்டு வயரிங் முழுவதையும் பிடுங்கி எறிவீர்களா?

இந்தத் திரைக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. 3.1-லேயே இது இருந்தது. 1998 ஏப்ரல் மாதம் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நின்றுகொண்டிருக்கும்போதே, விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கேனரை மாட்டிக் காட்டப் போய் நீலத்திரை வந்து, அரங்கமே சிரித்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது திரையில் ஒரு சோக முகத்தைச் சேர்த்தார்கள். 2016-ல் கியூ.ஆர். கோடு வந்தது. 2025-ல் விண்டோஸ் 11-ல் நீலத்தையே கருப்பாக்கிவிட்டார்கள். நிறம் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. எதற்காக நின்றேன் என்று சொல்லும் ஸ்டாப் கோடு இன்றைக்கும் அதே திரையில்தான் இருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

திரை சொல்லும் சாட்சியம்

ஸ்டாப் கோடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அடிக்கடி வரும் ஐந்தை மட்டும் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடியும்.

'7பி' என்றால், விண்டோஸ் தான் குடியிருக்கும் டிஸ்க்கையே அணுக முடியவில்லை. '7ஏ' என்றால், டிஸ்க்கிலிருந்து ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை. டிஸ்க்கையும் கேபிளையும் உடனே சந்தேகப்பட வேண்டும். '1ஏ' என்றால் மெமரி நிர்வாகத்தில் கோளாறு. ராம் சிப்பைச் சோதிக்க வேண்டும். 'டி1' பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் செய்த அத்துமீறல். '124' என்றால் ஹார்டுவேரே புகார் கொடுக்கிறது. சூடு, மின்சாரம், பிராசஸர் என்று போய்ப் பார்க்க வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. திரையில் யார் பெயர் வந்ததோ அவரே குற்றவாளி என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. கெட்டுப்போன ராம் ஒன்று இருந்தால் இன்றைக்கு ஒரு கோடு, நாளைக்கு வேறொரு கோடு, ஒவ்வொரு முறையும் ஒரு புது டிரைவரின் பெயர் என்று வரும். இப்படி ஆளாளுக்குப் பழி மாறினால் சாஃப்ட்வேரை விட்டுவிட்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ்., சூடு இந்த மூன்றின் பக்கம் திரும்புவது நல்லது. ராமைக் கழற்றி, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்து, அழுத்தி மாட்டினாலே உயிர் பெற்ற சிஸ்டங்கள் எத்தனையோ.

திரையோடு சாட்சியம் முடிந்துவிடுவதும் இல்லை. நிற்பதற்கு முன் மெமரியில் இருந்த நிலவரத்தை விண்டோஸ் ஒரு ஃபைலாக எழுதி வைக்க முயல்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் 'வின்டிபக்' கருவியில் அதைத் திறந்தால், எந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தபோது நின்றது என்பது வரைக்கும் தெரியும். 'ரிலயபிலிட்டி மானிட்டர்' என்று ஒன்று விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த சாஃப்ட்வேர் ஏற்றினோம், எந்த அப்டேட் வந்தது, எப்போது முதல் நிற்க ஆரம்பித்தது என்று நாள் வாரியாகக் காட்டும். பார்மட் போட்டால் இத்தனை தடயங்களும் போய்விடும். கொலை நடந்த வீட்டை போலீஸ் வருவதற்குள் சாணி போட்டு மெழுகிவிட்ட கதைதான்!

முப்பத்தைந்து ரூபாய் பேட்டரி

போன கோடை விடுமுறையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பழகினேன். அப்போது பார்த்த ஒரு கேஸைச் சொல்கிறேன். ஜெராக்ஸும் டி.டி.பி.யும் செய்கிற ஒரு அக்கா தன் டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை ஆனால் '7பி' என்று நீலத்திரை. வேறு இடத்தில் இரண்டு தடவை பார்மட் போட்டாகிவிட்டது. தடவைக்கு ஐந்நூறு ரூபாய். போட்டால் ஓடுகிறது, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே கதை.

கடை அண்ணன் சிஸ்டத்தைத் தொடுவதற்கு முன்னால் வாயைத் திறந்து கேட்டார்.

"ஏங்க்கா, அது ஏன் திங்கட்கிழமை மட்டும்?"

"சனிக்கிழமை சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைச்சிட்டுப் போயிடுவேன் தம்பி. ஞாயிறு லீவு."

"திங்கட்கிழமை காலையில டைம் சரியா காட்டுதா?"

"அதுவும் தப்பாத்தான் காட்டும். நானே மாத்திக்குவேன்."

அண்ணன் பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் இருந்த காசு அளவு பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தார். 3 வோல்ட் காட்ட வேண்டியது 2-ஐத் தாண்டவில்லை. கதை அவ்வளவுதான். மின்சாரம் முழுவதும் நின்றால் பயாஸ் செட்டிங்குகளைக் காப்பாற்றுவது அந்தப் பேட்டரி. அது பலவீனமாகிவிட்டதால் நீண்ட நேரம் கரண்ட் இல்லாவிட்டால் பயாஸ் தன் ஃபேக்டரி நிலைக்குப் போய்விடுகிறது. அந்த மாடலில் ஃபேக்டரி நிலை 'ரெய்டு'. விண்டோஸ் போடப்பட்டிருந்ததோ 'ஏ.ஹெச்.சி.ஐ.' முறையில். டிஸ்க்கோடு பேசும் முறை மாறியதும் விண்டோஸுக்கு டிஸ்க் தெரியவில்லை. '7பி' சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை!

அப்படியானால் பார்மட் போட்டதும் ஓடியது எப்படி? பார்மட் போட வந்தவர் முதல் வேலையாக பயாஸுக்குள் போய், வழக்கம்போல ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்றிவிட்டுத்தான் விண்டோஸ் போட்டிருக்கிறார். அந்த ஒரு மாற்றத்திலேயே சிஸ்டம் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு டிஸ்க்கை அழித்ததெல்லாம் வீண். ஆனால் பெயர் வாங்கிக்கொண்டது பார்மட்! இதுதான் பார்மட்டின் பெரிய மோசடி. வழியில் தற்செயலாக நடந்த ஏதோ ஒன்று சரி செய்யும். பாராட்டு மட்டும் இதற்குப் போகும். நாமும் "பார்மட் போட்டேன், சரியாயிடுச்சு" என்று நம்பிக்கொண்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போவோம்.

பேட்டரி விலை முப்பத்தைந்து ரூபாய். அக்கா ஏற்கெனவே கொடுத்தது ஆயிரம் ரூபாய். பணம் போனால் போகட்டும் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷமாகச் சேர்த்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், காதுகுத்து அழைப்பிதழ் டிசைன்கள் முதல் பார்மட்டிலேயே போய்விட்டன. டெஸ்க்டாப்பில் தெரிவதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பார்மட் போட்டவர் கேட்கவும் இல்லை. அந்த டிசைன்கள்தான் அவர் கடையின் முதலீடு. நண்பர்களே, நம் கை ஒரு என்டர் கீயைத் தட்டும்போது அந்தப் பக்கம் ஒருவருடைய பிழைப்பு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

உலகமே நின்ற நாள்

சின்னக் கடைக் கதையைச் சொல்லிவிட்டு எங்கோ போகிறேன் என்று நினைக்காதீர்கள். இதே பாடத்தை உலகம் முழுவதும் ஒரே நாளில் படித்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், தன் சாஃப்ட்வேர் ஓடும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சிறிய அப்டேட் ஃபைலை அனுப்பியது. 10.57-க்கு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடைப்பட்ட 78 நிமிஷத்தில் அதை வாங்கிக்கொண்ட கம்ப்யூட்டர்கள் நீலத்திரைக்குப் போயின. மைக்ரோசாப்ட் போட்ட கணக்குப்படி சுமார் 85 லட்சம். உலகில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் தள்ளிப் போயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஐந்து நாளில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது.

காரணம் என்ன தெரியுமா? அந்த ஃபைலோடு வந்த விதி 21 தகவல்களை எதிர்பார்த்தது. கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராம் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய், தனக்கு உரிமையில்லாத மெமரியில் கால் வைத்தது. முதல் வருஷம் சி லேபில் 'அர்ரே'யின் எல்லையைத் தாண்டாதே என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதே தவறு! அந்த டிரைவர் விண்டோஸ் தொடங்கும்போதே ஏறிக்கொள்வது. ஆகவே சிஸ்டம் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும், நிற்கும்.

இப்போது யோசியுங்கள். 85 லட்சம் சிஸ்டத்துக்கும் பார்மட் போடச் சொன்னார்களா? இல்லை. சேஃப் மோடில் போ, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டரைத் திற, பெயரில் 291 என்ற எண் உள்ள அந்த ஃபைலை அழி, ரீஸ்டார்ட் செய். அவ்வளவுதான். ஒரே ஒரு ஃபைல். எந்த ஃபைல் என்று தெரிந்ததால் ஐந்து நிமிஷ வேலை. தெரியாதவனுக்கு அது செத்த கம்ப்யூட்டர்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத் தெரிந்தது. தொடங்கவே முடியாத கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வழியாக வைத்தியம் பார்க்க முடியாது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் முன்னால் ஒரு மனிதர் போய் உட்கார வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டுப் போட்ட சிஸ்டங்களில் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தேடி எடுத்து, ஒவ்வொரு இலக்கமாகத் தட்ட வேண்டியிருந்தது. பெரிய பெரிய கம்பெனிகளின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் கையில் பென் டிரைவும் காகிதமுமாக மாடி மாடியாக ஏறி இறங்கிய சாதாரண டெக்னீஷியன்கள். அதாவது நாளைய நாம்! நம் தொழிலைச் சின்னத் தொழில் என்று நினைப்பவர்களுக்கு அந்த நாளை ஞாபகப்படுத்துங்கள்.

அப்டேட் நின்றால் ஆகாயம் இடிந்துவிடாது

அப்டேட் விஷயத்தில் நம் அவசரம் இன்னும் மோசம். "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது, அணைக்க வேண்டாம்" என்ற பொருளில் ஒரு வரி வந்து அப்படியே நிற்கும். அரை மணி பொறுப்போம். அப்புறம் சுவிட்சைத் தட்டிவிடுவோம். அங்கேதான் உண்மையான சேதம் நடக்கிறது. அப்டேட் சரியாக ஏறாததால் விண்டோஸ் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. 4 ஜி.பி. ராமும் பழைய சுற்றும் டிஸ்க்கும் உள்ள சிஸ்டத்தில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். யு.பி.எஸ். இல்லாத சிஸ்டத்தில், கரண்ட் போகும் நேரம் பார்த்து அப்டேட்டை ஆரம்பிக்காமல் இருப்பதும் நம் பொறுப்புதான்.

அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கவே இல்லையா? இரண்டு மூன்று முறை தொடர்ந்து தோற்றால் விண்டோஸ் தானே ரிப்பேர் மெனுவுக்குப் போகும். அதில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று ஒரு வழி இருக்கிறது. கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் கழற்றிவிடலாம். பெரிய பதிப்பு அப்டேட்டாக இருந்தால், பொதுவாகப் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பலாம். சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருந்தால் 'டிஸ்ம்', 'எஸ்.எஃப்.சி.' என்ற இரண்டு கமாண்டுகள் இருக்கின்றன. ஒரு டேட்டாவும் போகாது.

சில நேரம் குற்றம் நம் சிஸ்டத்தில் இருக்கவே இருக்காது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு கே.பி. 5034441 என்ற அப்டேட் வந்தது. பல சிஸ்டங்களில் 80070643 என்ற எண்ணைக் காட்டிவிட்டு ஏற மறுத்தது. அந்த எண்ணுக்குப் பொதுவாக 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்பதற்கு மேல் பொருள் இல்லை. உண்மைக் காரணம், டிஸ்க்கின் மூலையில் இருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலி இடம் இல்லாதது. மைக்ரோசாப்டே அதைத் தன் அறிவிப்பில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர் பார்ட்டிஷனைப் பெரிதாக்கினார். படிக்காதவர் பார்மட் போட்டார். பழைய பார்ட்டிஷனை அப்படியே விட்டு சி டிரைவை மட்டும் பார்மட் போட்டவருக்கு மறுபடியும் அதே எண்தான் வந்திருக்கும்!

எதிர்க்கட்சி வாதம்

"இதெல்லாம் பேசறதுக்கு நல்லா இருக்கும். கடையில நாலு சிஸ்டம் வரிசையில நிக்கும்போது உட்கார்ந்து டம்ப் ஃபைல் படிச்சிட்டிருக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பார்மட் இரண்டு மணி நேரத்தில் முடியும் என்பது நிச்சயம். காரணம் தேடினால் பத்து நிமிஷமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். வாடகை கொடுக்கும் கடைக்காரருக்கு நிச்சயம்தான் முக்கியம். பெரிய கம்பெனிகளில்கூடப் பழுதான சிஸ்டத்துக்குப் புது இமேஜ் ஏற்றிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம்.

ஆனால் அந்தக் கம்பெனிகளில் ஊழியரின் டேட்டா பொதுவாக சர்வரில் தனியாக இருக்கிறது. நம் அக்காவின் டிசைன்கள் டெஸ்க்டாப்பில் இருந்தன. அது ஒரு வித்தியாசம். ஒரே பழுது பத்து சிஸ்டத்தில் வந்தால் அவர்கள் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவார்கள் என்பது இரண்டாவது வித்தியாசம்.

பார்மட் தேவைப்படும் இடங்களும் உண்டு. ரான்சம்வேர் போன்ற விஷமிகள் ஊடுருவிய சிஸ்டத்தில் எதையும் நம்ப முடியாது. சுத்தமாக அழித்துப் புதிதாகப் போடுவதுதான் சரி. வேறொருவருக்கு விற்கும்போதும் அப்படித்தான். எல்லா வழியும் பார்த்துத் தோற்ற பிறகு, டேட்டாவை எடுத்து வைத்துவிட்டுப் போடும் பார்மட்டையும் நான் குறை சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தை முதல் பக்கத்திலேயே படிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அதிலும் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டாலோ, '7ஏ' வந்தாலோ, பார்மட் போடுவது மகா பாவம். சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேல் புதிதாக எழுதி, மிச்சமிருக்கும் டேட்டாவையும் நாமே கொன்றுவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

தம்பி தங்கைகளுக்கு நாலே நாலு பழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: திரையைப் போனில் படம் எடு. படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் 'ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்' என்பதை நீக்கிவிடு. அடுத்த முறை திரை நிற்கும்.

இரண்டு: ஆளிடம் கேள். "கடைசியா என்ன மாத்தினீங்க? எப்பப்ப வருது?" இந்த இரண்டு கேள்விக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

மூன்று: டேட்டாவை முதலில் காப்பாற்று. விண்டோஸ் தொடங்காவிட்டாலும் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து ஃபைல்களை வெளியே எடுக்கலாம். பிட்லாக்கர் உள்ள சிஸ்டமானால் ரெக்கவரி கீ எங்கே என்று கேட்டுக்கொண்டு, பிறகு பயாஸில் கை வை.

நான்கு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ராமையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, அப்டேட்டையும் கழற்றினால் சிஸ்டம் ஓடலாம். எதனால் ஓடியது என்று ஒருநாளும் தெரியாது.

இனி நம் துறைக்கும் மாணவர் சங்கத்துக்கும் மூன்று விண்ணப்பங்கள். லேபில் சிஸ்டம் ஒன்றுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, வந்த கோடு, செய்த வேலை என்று மூன்று காலம் போதும். ஒரே சிஸ்டம் நாலு தடவை பார்மட் ஆகியிருந்தால் அந்த நோட்டே கூச்சல் போட்டுச் சொல்லிவிடும். அடுத்து, பிராக்டிகல் வகுப்பில் நல்ல சிஸ்டத்தில் விண்டோஸ் போடுவதை மட்டும் செய்யாமல், ஆசிரியர்களே வேண்டுமென்று ஒரு பழுதை வைத்துக் கொடுங்கள். தளர்ந்த ராம், மாற்றி வைத்த பயாஸ், தீர்ந்துபோன பேட்டரி. கண்டுபிடிப்பவனுக்கு மார்க். மூன்றாவதாக, கலை விழாவுக்கு ஒதுக்கும் சங்க நிதியில் ஒரு சிறு பகுதியில் ஒரு மல்டிமீட்டர், ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்., இரண்டு ராம், ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வையுங்கள். அதை வைத்து வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் நாம் இலவசப் பழுதுபார்ப்பு முகாம் நடத்தலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 இல்லாத பழைய சிஸ்டங்களுக்கு முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. அந்தச் சிஸ்டங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு வழி சொல்ல நம்மைவிட யார் இருக்கிறார்கள்?

கடைசியாக ஒன்று. பார்மட் போட டிப்ளமா தேவையில்லை. யூடியூப் பார்த்துப் பத்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். மூன்று வருஷம் பீஸ் கட்டி, வெயிலில் பஸ் பிடித்து, ரெக்கார்டு எழுதி, அரியர் கிளியர் பண்ணி நாம் வாங்கும் சான்றிதழுக்கு மதிப்பு வர வேண்டுமானால், அந்தப் பையன் செய்ய முடியாத ஒன்றை நாம் செய்ய வேண்டும். "ஏன் நின்றது?" என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் அது. நாளைக்கு லேபில் ஒரு திரை நிறம் மாறும்போது, பக்கத்தில் இருப்பவன் "பார்மட் போட்டுடலாமா?" என்று வாயெடுப்பதற்குள் நீங்கள் சொல்லுங்கள்: "இருடா, என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிப்போம்."

மாணவர் ஒற்றுமை ஓங்குக!